மத்தியாஸ் அழித்த பதிவு

மத்தியாசுக்கு முகநூல் கணக்கைத் திறந்து கொடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு நடந்ததற்கெல்லாம் ஊர் அவனை மட்டும்தான் பிடித்து உலுக்கியது. என் பெயர் யார் வாயிலும் வரவில்லை, நானும் வரவழைத்துக்கொள்ளவில்லை.

எனக்குக் குளச்சலில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கடை. ரீசார்ஜ் செய்வது, பழுது பார்ப்பது, பழைய போனை வாங்கி விற்பது, இவ்வளவுதான் தொழில். வீடு இனயத்தில். மத்தியாசும் இனயத்துக்காரன். கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவன். வள்ளம் கரையேறியதும் மீன் குவியலுக்கு முன்னால் நின்று விலையை ஏற்றி, வியாபாரிகளை ஒருவரோடொருவர் மோதவிட்டு, பத்தே நிமிடத்தில் குவியலைத் தள்ளிவிடுவான். ஒன்பது மணிக்கு மேல் அவனுக்கு வேலை கிடையாது. ஆனால் வாய் அடங்காது. பஸ் ஏறி என் கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, ரீசார்ஜுக்கு வருகிறவனிடமெல்லாம் கதை அடிப்பான். பாதிப் பேர் ரீசார்ஜ் செய்ய மறந்து போய்விடுவார்கள்.

பொறுத்துப் பார்த்தேன். 2012-ல் ஒருநாள் பழைய டச் போன் ஒன்றை அவன் கையில் வைத்து, கணக்கும் திறந்து, தமிழில் எழுதவும் சொல்லிக்கொடுத்து, "இஞ்ச பேசாத. பேசணும்ணா இதுக்குள்ள பேசு" என்றேன். அவன் வாயை அடைக்க நான் செய்த வேலை அது. வேறு நல்ல எண்ணம் எதுவும் எனக்கு இருக்கவில்லை.

மறுநாள் காலை அவன் போட்ட முதல் படம் ஒரு சாளைக் குவியல். மணலில் கொட்டி வைத்த மீன், பின்னால் நாலு கால்கள், ஓரத்தில் ஒரு காக்கை. கீழே, 'இன்று நம்ம கரையில் சாளை' என்று எழுதியிருந்தான். ஊரில் இருக்கிற எவன் இதைத் திரும்பிப் பார்ப்பான்? தினமும் மிதித்துப் போகிற கரைதானே. ஆனால் மாலைக்குள் குவைத்திலிருந்தும் ஓமனிலிருந்தும் நாற்பது பேர் எழுதிவிட்டார்கள். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது கல்ஃபில் இருப்பார். பலருக்கு அங்கேயும் படகில்தான் வேலை. சொந்தக் கரையைக் கண்ணால் பார்த்து இரண்டு வருடம், மூன்று வருடம் ஆனவர்கள். ஒருவன் 'மாமா, எனக்கு வாசம் அடிக்குது' என்று எழுதியிருந்தான். மத்தியாஸ் அதை எனக்கு ஏழெட்டுத் தடவை வாசித்துக் காட்டினான்.

அன்றிலிருந்து ஏலம் கூறுவது அவனுக்கு இரண்டாவது வேலையாகிவிட்டது. தினமும் படம். அயிலை, நெத்திலி, கணவாய், எப்போதாவது ஒரு பெரிய நெய்மீன். வெறும் மீனோடு நிற்கவில்லை. கல்ஃபிலிருந்து கேட்கிறவர்களுக்கெல்லாம் படம் எடுத்துப் போட்டான். கட்டிக்கொண்டிருக்கிற வீட்டுக்குக் கான்கிரீட் போட்டாயிற்றா, வீட்டு முற்றத்துத் தெங்கு காய்த்திருக்கிறதா, தங்கச்சி பிள்ளைக்கு ஞானஸ்நானம் நடந்ததா, எல்லாவற்றுக்கும் மத்தியாஸ் மாமா போனைத் தூக்கிக்கொண்டு நடந்தான். ஒருமுறை ஏலப் படத்தின் மூலையில் ஒரு கிழவி பேரம் பேசிக்கொண்டு நின்றாள். மஸ்கட்டில் இருந்த அவள் மகன் கண்டுபிடித்து, 'எம்மா, நான் குடுத்துவிட்ட சேலை எங்க? இன்னும் அந்தப் பச்சையா?' என்று எழுதினான். அறுபது பேர் சேர்ந்துகொண்டு கிழவியின் சேலையை அலசினார்கள். மத்தியாஸ் கிழவியின் வீட்டுக்கே போய், புதுச் சேலையை உடுத்த வைத்து, கதவோரம் நிற்க வைத்துப் படம் எடுத்துப் போட்டான். அந்த வாரம் முழுக்க அவன் தரையில் நடக்கவில்லை.

சண்டைகளையும் அவனே பார்த்துக்கொண்டான். துபாயில் ஒரே அறையில் இருந்த இரண்டு பேர், எந்த வருடத் திருவிழாவுக்கு நல்ல பேண்டுசெட் வந்தது என்று அவன் படத்துக்குக் கீழே அடித்துக்கொண்டு, தகப்பன் பெயரை எல்லாம் இழுத்தபோது, இருவரையும் நட்பிலிருந்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினான். 'கொடியிறக்கம் முடிந்த பிறகு வரலாம்' என்று அறிவிப்பு வேறு. அவர்கள் என் கடைக்குப் போன் போட்டு, "அண்ணே, மாமாட்ட ஒண்ணு சொல்லுங்க, பொழுது போவ மாட்டேங்கு" என்று கெஞ்சினார்கள்.

அவனிடம் ஒரு சட்டம் இருந்தது. நட்பு கேட்டு யார் வந்தாலும் உடனே சேர்க்கமாட்டான். 'நீ ஆருக்க மொவன்? எந்த வீடு?' என்று எழுதிக் கேட்பான். பதில் வந்து, அந்த வீடு அவனுக்குப் பிடிபட்ட பிறகுதான் உள்ளே. ஒவ்வொருவனையும் அப்பன், பாட்டனோடு தெரியும். யாராவது ஒரு வரி எழுதினால் இவன் மூன்று வரி பதில் எழுதுவான். 'சாப்பிட்டியா', 'அம்மைக்கு முட்டுவலி எப்பிடி' என்று ஒவ்வொருவனிடமும் தனித்தனியாக. அவனுடைய மகிழ்ச்சி அதில்தான் இருந்தது. அதைச் சந்தேகமில்லாமல் சொல்வேன்.

நட்பு ஐயாயிரத்தைத் தொட்டதும் அதற்கு மேல் சேர்க்க முடியாது என்று வந்துவிட்டது. பக்கத்து ஊர்கள், கேரளத்துக்காரர்கள், கப்பலில் வேலை செய்கிறவர்கள் என்று வெளியே காத்து நிற்கிற கூட்டமும் பெருகியது. அப்போது நான்தான் 'பக்கம்' என்று ஒன்று இருக்கிறது, அதில் கேட்காமலே யார் வேண்டுமானாலும் பின்தொடரலாம் என்று சொல்லி, அதையும் ஆரம்பித்துக் கொடுத்தேன். எந்த வீடு என்று கேட்கிற வேலை அத்தோடு முடிந்தது. பதினோராயிரம் ஆனது, பதினாலாயிரம் ஆனது. பெயர் தெரியாத கூட்டம். பதில் எழுத நேரமில்லை. கடைக்கு வந்து உட்கார்ந்தால் இப்போது யார் என்ன எழுதினார்கள் என்று வாசித்துக் காட்டுவதில்லை. எத்தனை என்றுதான் சொல்வான். போதாக்குறைக்குக் கல்லூரிப் பயல்கள் சிலர் சேர்ந்து எங்கள் ஊருக்கே இன்னொரு பக்கம் தொடங்கினார்கள். எந்தச் செய்தியும் அவர்களுக்கு முன்னால் போட்டுவிட வேண்டும் என்று இவனுக்கு ஒரு வெறி.

2014 அக்டோபரில் சிலுவை இறந்தான்.

சிலுவை மத்தியாசின் கூட்டுக்காரன். சின்ன வயதில் இருவரும் ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர்கள். அன்று காலை ஆறரை மணிக்கு வள்ளத்தைக் கரையேற்றிவிட்டு, வலையை உதறிக்கொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. ஏழரைக்குக் கோயிலில் துக்கமணி அடித்தது. வீட்டில் அவன் மனைவி செசிலி. ஒரே மகன் ரெனிஷ், சவூதியில் ஒரு அரபாபின், அதாவது அரபு முதலாளியின், படகில் வேலைக்குப் போய் நாலு மாதம்தான் ஆகியிருந்தது.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்ஃபில் இருக்கிறவனின் அப்பனோ அம்மையோ இறந்தால் அவனிடம் நேராகச் சொல்லமாட்டோம். அவன் அறையில் இருக்கிற ஊர்க்காரன் ஒருவனைக் கூப்பிட்டு, அவனிடம் மட்டும் உண்மையைச் சொல்வோம். மகனிடம் 'அப்பாவுக்கு சீரியஸ்' என்று சொல்லப்படும். அரபாபிடமும் அதேதான். துக்கத்தைப் பொறுக்கமாட்டான் என்கிற கரிசனம் மட்டுமல்ல இது. பாஸ்போர்ட் அரபாபின் கையில் இருக்கிறது. அவர் கையெழுத்துப் போடாமல் நாட்டைவிட்டு வெளியே வர முடியாது. அவர்கள் வழக்கப்படி இறந்தவரை அன்றைக்கே அடக்கம் செய்துவிடுவார்கள். அதனால், இறந்துவிட்டார் என்றால் 'இனி போய் என்ன செய்யப்போகிறாய், சீசன் முடியட்டும்' என்பார்கள். உயிர் ஊசலாடுகிறது, ஒரே பிள்ளை முகம் பார்க்க வேண்டும் என்றால் மனம் இளகும். நாங்கள் இங்கே ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருப்போம். பந்தலையும் நாற்காலிகளையும் தெருமுனையில் பார்க்கும்போதுதான் பிள்ளைக்குத் தெரியும். ஊரில் எத்தனையோ பேர் இப்படித்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். மத்தியாசுக்கும் தெரியும்.

அவன் ஏழு நாற்பதுக்குப் பதிவு போட்டான். போன மாதம் ஒரு பெரிய நெய்மீனைத் தோளில் தூக்கிக்கொண்டு சிலுவை சிரித்த படம். 'என் நண்பன் சிலுவை, ரெனிஷின் அப்பா, இன்று காலை நம்மை விட்டுப் பிரிந்தான்' என்று எழுதியிருந்தான். துக்கத்தில் போட்டானா, முந்திக்கொள்ளப் போட்டானா என்று பிறகு ஊரில் பெரிய விசாரணை நடந்தது. இரண்டும்தான் என்று நான் நினைக்கிறேன். அழுதுகொண்டேதான் போட்டான், நான் பக்கத்தில் நின்றேன். போட்ட ஐந்து நிமிடத்தில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்றும் பார்த்தான். எனக்கும் தடுக்கத் தோன்றவில்லை.

ரெனிஷின் அறையில் இருந்த ஆன்ட்ரூசை செசிலியின் தம்பி எட்டு மணிக்குக் கூப்பிட்டார். ஆன்ட்ரூஸ் அழுத்தமானவன். ரெனிஷிடம் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் அரபாபின் வீட்டுக்குப் போய், "இவனுக்க அப்பாவுக்கு சீரியஸ்" என்று நின்று, பேசிப் பேசி ஒருவழியாகச் சம்மதிக்கவும் வைத்துவிட்டான். பாஸ்போர்ட் மேசைக்கு வந்துவிட்டது. அங்கே கணக்கு எழுதுகிற ஒரு மலையாளி, நல்ல மனிதன்தான், தினமும் எங்கள் கரையின் மீனைப் பார்ப்பதற்காக மத்தியாசின் பக்கத்தைப் பின்தொடர்கிறவன். ஆன்ட்ரூஸ் எதற்காக வந்திருக்கிறான் என்று தெரியாமல் உள்ளே வந்து, "ரெனிஷின்டெ அச்சன் மரிச்சு போயி அல்லே?" என்று துக்கம் கேட்டிருக்கிறான். அரபாப் என்னவென்று கேட்க, போனை நீட்டிப் படத்தையும் காட்டிவிட்டான். அவனிடம் யாரும் எந்த வீடு என்று கேட்டுச் சேர்க்கவில்லை.

பொய் சொன்னான் என்று அரபாபுக்குக் கோபம். பாஸ்போர்ட் திரும்ப உள்ளே போனது. இறால் சீசன் முடியாமல் யாரும் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். அப்பா இறந்தது ரெனிஷுக்கும் அப்படித்தான் தெரிந்தது.

இந்தச் செய்தி மதியம் மூன்று மணிக்கு இங்கே வந்தது. துக்கவீட்டில் அதுவரை நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த மத்தியாசை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். செசிலி சத்தம் போடவில்லை. ஐஸ் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தபடியே, "எனக்க மொவன் வருவானா மத்தியாசே?" என்று மட்டும் கேட்டாள். அவள் ஏசியிருந்தால் அவனுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அவன் வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஜான்ரோசே, நான் இன்னொண்ணு போடட்டா? தப்பான செய்தி, சிலுவை உயிரோட இருக்கான், ஐசியுல இருக்காண்ணு. அந்த அரபாபு அதயும் பாப்பான் இல்லியா?"

செசிலியின் தம்பி பின்னாலேயே வந்து நின்றதை நாங்கள் பார்க்கவில்லை. "ஏலே, அவன பெட்டிக்குள்ள வெச்சிட்டு உயிரோட இருக்காண்ணு எழுதுவியா? நூறு பேரு 'நல்லா வரட்டு'ண்ணு எழுதுவான். அத அவனுக்க பெஞ்சாதி வாசிக்கணுமா?" என்றார்.

மத்தியாஸ் தலையைக் குனிந்துகொண்டான். அதற்குள் அவன் பதிவுக்குக் கீழேயே ஊர்க்காரர்கள் திட்ட ஆரம்பித்திருந்தார்கள். பாதிரியார் சவூதியில் யாரையெல்லாமோ போனில் கூப்பிட்டுப் பார்த்தார். மறுநாள் காலைவரை ஒன்றும் நகரவில்லை. அப்போது நான் சொன்னேன்.

"எடுத்துக் களஞ்சிரு. போஸ்டே இல்லேண்ணா, அது எவனோ பொய்யா போட்டதுண்ணு ஆன்ட்ரூஸ் அரபாபுட்ட சொல்லிப் பாப்பான். ஒனக்கும் இந்த ஏச்சு நிக்கும்."

அரபாபைப் பற்றி நான் சொன்னது வாய்வார்த்தைக்கு. ஏச்சு நிற்க வேண்டும் என்பதுதான் என் மனதில் இருந்தது. மத்தியாஸ் உடனே அழித்தான். ஆன்ட்ரூஸ் போய்ச் சொல்லியும் பார்த்தான். அரபாப் நம்பவில்லை. மூன்றாம் நாள் காலை சிலுவையை அடக்கம் செய்தோம். மகன் போட வேண்டிய மண்ணை செசிலியின் தம்பி போட்டார். ரெனிஷுக்கு இரண்டே இரண்டு படங்கள் வாட்ஸ்அப்பில் போயின.

மத்தியாஸ் அதற்குப் பிறகு பக்கத்தில் எதுவும் போடவில்லை. 'மாமா, இன்னைக்கு மீன் இல்லியா' என்று கொஞ்ச நாள் கேட்டார்கள். பிறகு கல்லூரிப் பயல்களின் பக்கத்துக்குப் போய்விட்டார்கள். அவன் ஏலத்துக்கு மட்டும் போனான். என் கடை ஸ்டூலில் வந்து உட்கார்ந்தால் பேச்சே இல்லை. அவன் வாயடைக்க வேண்டும் என்று நான்தானே ஒரு காலத்தில் விரும்பினேன். ஞாயிறு பூசை முடிந்து செசிலி வருகிற வழியைத் தவிர்த்து, கல்லறைப் பக்கமாகச் சுற்றி வீட்டுக்குப் போவான்.

அடுத்த இறால் சீசனும் முடிந்த பிறகு, 2016 பிப்ரவரியில்தான் ரெனிஷ் வந்தான். கல்லறைக்குப் போனான், அம்மையோடு நாலைந்து நாள் இருந்தான் என்று கேள்விப்பட்டேன். ஒருநாள் பதினோரு மணிக்கு என் கடையில் வந்து நின்றான். வெயிலில் கறுத்து, தாடி வைத்து, முதலில் எனக்கு ஆள் தெரியவில்லை. உள்ளே மத்தியாஸ் இருந்தான். அவன் எழுந்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்து விழுந்தது.

"மக்கா, ரெனிஷே..." என்றான். கையைக் கூப்பிக்கொண்டு நின்றான்.

ரெனிஷ் அவனைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான். "அண்ணே, பேஸ்புக்குல அழிச்ச போஸ்ட்ட திரும்ப எடுக்க முடியுமா?"

முடியாது என்றேன். அன்றைக்கு அந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்த்தேன், வீணாக.

"மாமா, நீங்க போட்டத கேக்க நான் வரல்ல. தெரியாமலா செய்தீங்க, தெரிஞ்சா செய்தீங்கண்ணு எனக்குக் கேக்கண்டாம்" என்றான் ரெனிஷ், மத்தியாசைப் பார்த்து. "அழிச்சது எதுக்கு?"

மத்தியாஸ் என்னைப் பார்த்தான். நான் மேசையைப் பார்த்தேன்.

"அரபாபு ரெண்டு நாளு வேலைக்கு வரண்டாம்ணு சொல்லிட்டான். ஆன்ட்ரூசும் மத்தவங்களும் படகுக்குப் போயிட்டாங்க. ரூமுல நான் மட்டும். அங்க எங்க அப்பன ஆருக்குத் தெரியும்? அழுதா என்னண்ணு கேக்க ஆளில்ல. அப்பம்தான் அந்தப் போஸ்ட்டுக்கு அடியில உள்ளத வாசிச்சேன். ஒவ்வொண்ணா வாசிச்சேன். அப்பாவுக்கு வள்ளத்துல பாட்டு படிக்கற பழக்கம் உண்டுண்ணு ஒரு ஆளு எழுதியிருந்தது. எனக்கே தெரியாது மாமா. எனக்கு அதாக்கும் துக்கவீடு. இஞ்ச நீங்க எல்லாரும் பெட்டியச் சுத்தி இருந்தீங்க. நான் அந்தப் போஸ்ட்டுக்குள்ள இருந்தேன்."

அவன் குரல் உயரவே இல்லை.

"ஒருத்தன் எழுதியிருந்தான். சின்ன வயசுல அவன கடல் கொண்டுபோனப்ப அப்பா சாடி எடுத்து, கரையில கெடத்தி, வாயில ஊதி உயிர் குடுத்தாருண்ணு. இன்னைக்கு நான் இருக்கது அவராலண்ணு. எங்க அப்பா ஒருநாளும் எங்கட்ட அதச் சொன்னதில்ல. அம்மைக்கும் தெரியாது. எழுதினது ஆருண்ணு அப்பம் நான் பேரப் பாக்கல்ல. கண்ணு தெரியாத அளவுக்கு அழுதிட்டு இருந்தேன். விடிஞ்சதும் பேரப் பாத்து அவன்கிட்ட ஒருவாட்டி பேசணும்ணு வெச்சேன். விடிஞ்சு பாத்தா போஸ்டே இல்ல."

ஒன்றேகால் வருடமாக அந்த ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறான். கல்ஃபில் தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டிருக்கிறான். பதினாலாயிரம் பேரில் யாரென்று தெரியவில்லை.

"அவன் ஆரு மாமா? ஒங்களுக்கு எல்லாரையும் தெரியும் இல்லியா? அப்பாவ பத்தி ஆரு என்ன எழுதினாண்ணு ஒங்களுக்கு ஓர்மை உண்டா?"

ஒரு காலத்தில் மத்தியாஸ், கேரள எல்லைவரை எந்தப் பயல் என்ன எழுதினாலும் அவன் பாட்டன் பெயரோடு சொல்லியிருப்பான்.

"முந்நூத்தி நாப்பத்தொண்ணு இருந்தது மக்கா" என்றான். "எத்தனைண்ணு மட்டும்தான் பாத்தேன். வாசிக்கல்ல."

ரெனிஷ், விழுந்து கிடந்த ஸ்டூலை எடுத்து நேராக வைத்தான். பிறகு, "செரி, நான் வாறேன்" என்று சொல்லிவிட்டுப் பேருந்து நிலையத்தைப் பார்த்து நடந்தான். மத்தியாஸ் உட்காரவில்லை. ரெனிஷ் என்னிடம் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அழித்துவிடு என்று சொல்வதற்கு முன்னால் நானும் அதில் ஒன்றைக்கூட வாசித்திருக்கவில்லை.